அன்று கிரவுண்டில் இருந்தவர்கள்

14.9.2021, செவ்வாய்

போன வருஷத்து டைரியில் எழுதுகிறேன். ஜனவரியில் மூன்று பக்கம் எழுதியதோடு சரி, அப்புறம் ஊரே அடைத்துக் கிடந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டால் டைரி புதுசுதான்.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. காலை எட்டே காலுக்கு நான் கேட்டில் நிற்க வேண்டும். பெயர் பி.டி. மாஸ்டர், வேலை பொம்பளைப் பிள்ளைகள் நெற்றியில் தெர்மாமீட்டர் துப்பாக்கி பிடிப்பது. யாருக்குப் பிடித்தாலும் 96.4 காட்டுகிறது. இன்று கேட்டுக் கம்பிக்குப் பிடித்துப் பார்த்தேன், அதற்கும் 96.4. கம்பிக்குக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஐந்தாவது, ஆறாவது பீரியட் 12-பி. கால அட்டவணைப்படி உடற்கல்வி. வழக்கம்போல கணக்கு கோமதிநாயகம் எடுத்துக்கொண்டான். கேட்டு வாங்குவதெல்லாம் பதினோரு வருஷத்துக்கு முன்னால். இப்போது சாக்பீஸோடு மாடிக்குப் போய்விடுவான், அவ்வளவுதான். அவன் 12-ஏ கணக்கு வாத்தியார். 12-பி பிள்ளைகள் கணக்கில் பின்தங்கியிருக்கிறார்கள், ஸ்பெஷல் டெஸ்ட் வைக்கச் சொல்லி ஹெச்.எம். இந்திராணி அம்மா உத்தரவு. ரோட்டுச் சத்தம் கேட்கிறது என்று ஜன்னலை எல்லாம் சாத்தச் சொன்னான். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கத்துகிற சத்தம் கீழே என் ஸ்போர்ட்ஸ் ரூம் வரைக்கும் வந்தது. நடுநடுவே இருமல்.

படியேறும்போது முப்பிடாதி மட்டும் நின்று கேட்டாள். 12-பியில் இதைக் கேட்பதற்கென்றே ஒருத்தி.

"சார், இன்னைக்காவது விளையாட விடுவீங்களா?"

"அடுத்த வாரம்மா."

"ஆறாப்புல இருந்து அடுத்த வாரம்தான் சார்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் பீரியட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். 12-பி, 5, 6. நடத்தியது: வளையப்பந்து, போதிய இடைவெளியுடன், மைதானத்தில்.

15.9.2021, புதன்

மத்தியானம் கோமதிநாயகமும் நானும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அவனுக்குத் தொண்டை கரகரப்பாம், ரசத்தை மட்டும் குடித்தான். "ஊசி ரெண்டும் போட்டாச்சுல்லா வே, நம்மள என்ன செய்யும்" என்றான்.

16.9.2021, வியாழன்

கோமதிநாயகம் லீவு. காய்ச்சலாம்.

17.9.2021, வெள்ளி

கோமதிநாயகத்துக்குப் பாசிட்டிவ்.

பத்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார். சுடலைமணி என்று பெயர், முப்பது வயசு இருக்கும், மரியாதையான பையன். காய்ச்சல் வருவதற்கு முந்தின இரண்டு நாள், அதாவது செவ்வாயும் புதனும், மூடிய அறையில் கால் மணி நேரத்துக்கு மேல் அவனோடு இருந்தவர்கள் எல்லாருக்கும் டெஸ்ட், பதினான்கு நாள் வீட்டில் தனிமை. அதுதான் விதி. ஹெச்.எம். அம்மா பீரியட் ரிஜிஸ்டரை விரித்து வைத்தார்கள்.

12-ஏ பத்தொன்பது பேர் லிஸ்ட்டில் ஏறினார்கள். கூடச் சாப்பிட்ட நானும் ஏறினேன்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு பீரியடு கோமதிநாயகம் சாருக்கு ஃப்ரீன்னு இருக்கு. எங்க இருந்தாரு?"

"ஸ்டாஃப் ரூம்ல பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தாரு" என்றார்கள் ஹெச்.எம்.

"அந்த நேரம் 12-பி?"

"பி.டி. கிளாஸ்."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "கிரவுண்ட்லயா சார்?"

ஹெச்.எம். அம்மாவும் என்னைப் பார்த்தார்கள். மேஜை மேல் என் கையெழுத்து கிடந்தது.

"ஆமா" என்றேன்.

"அப்ப வெட்டவெளி. 12-பிக்குத் தேவையில்லை" என்று பேனாவை மூடினார்.

இதைப் பிறகு எவனாவது படித்தால் என்னைக் காறித் துப்புவான் என்பதால் நியாயத்தையும் எழுதிவைக்கிறேன். பதினோரு வருஷமாக நான் நிர்வாகம் போட்ட வாத்தியார். அரசாங்க அப்ரூவலுக்கு என் ஃபைல் கல்வி ஆபீஸில் மேஜை மேஜையாக ஏறி இறங்குகிறது. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு உடற்கல்வி ஆசிரியர் தேவை என்பதற்கு உள்ள ஒரே சாட்சி அந்த ரிஜிஸ்டர்தான். வாரம் இருபத்தெட்டு பீரியட் நான் எடுத்ததாக இருந்தால்தான் போஸ்ட் உண்டு. எடுக்கவில்லை என்று நானே சொன்னால் போஸ்ட்டும் இல்லை, நானும் இல்லை. ஹெச்.எம். அம்மாவுக்கும் பதினோரு வருஷம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தவிர, 12-பி பிள்ளைகள் மாஸ்க் போட்டிருந்தார்கள். எல்லாம் சின்ன வயசு. ஒன்றும் ஆகாது.

18.9.2021, சனி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 12-ஏ பிள்ளைகள் முன்னால் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

சாயங்காலம் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். என் பெயர், உள்ளே இருக்க வேண்டிய நாட்கள் எல்லாம் கொட்டை எழுத்தில். தெருவில் போகிறவர்கள் நின்று படித்துவிட்டு எதிர்ச்சாரிக்கு மாறிப் போகிறார்கள். என் வீட்டுக்காரி பேச்சி எனக்கு மாடி அறையில் பாய் போட்டுவிட்டாள். சாப்பாடு படியில் வைக்கப்படும்.

19.9.2021, ஞாயிறு

அதே அறை. அதே சுவர். இட்லி.

20.9.2021, திங்கள்

எனக்கு நெகட்டிவ். ஆனாலும் பதினான்கு நாள் முடியாமல் வெளியே வரக்கூடாது.

12-ஏயில் இரண்டு பிள்ளைகளுக்குப் பாசிட்டிவ். ஒருத்தியின் அப்பா சர்க்கரை முற்றிக் கால் விரல் எடுத்தவர். முதல் நாளிலேயே மகளைத் தனி அறையில் வைத்துவிட்டதால் வீட்டில் ஒருவருக்கும் ஒட்டவில்லையாம். ஹெச்.எம். அம்மா போனில் பெருமையாகச் சொன்னார்கள். "பாத்தீங்களா, லிஸ்ட் கரெக்டா குடுத்ததால ஒரு குடும்பத்தையே காப்பாத்திட்டோம்." நானும் ஆமாம் என்றேன். என் வாயில் அந்தச் சொல் சுலபமாக வர ஆரம்பித்துவிட்டது.

21.9.2021, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்த வாரமே ஸ்போர்ட்ஸ் ரூமிலிருந்து வளையப்பந்து வலையை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். எலி கடித்து அங்கங்கே ஓட்டை. நைலான் கயிறு வைத்து முடிச்சுப் போட்டு வருகிறேன். பேச்சி படியில் நின்று பார்த்தாள்.

"கட்டவே போறதில்ல, இந்த வலைக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?"

இருபத்து மூன்று முடிச்சு போட்டேன். மத்தியானம் முப்பிடாதி போன் செய்தாள். டெஸ்ட் பற்றி ஏதோ கேட்டாள். பயப்படாதே என்று தைரியம் சொன்னேன்.

23.9.2021, வியாழன்

ஹெச்.எம். போன் செய்தார்கள். ஃபைல் கடைசி மேஜைக்குப் போய்விட்டதாம். ரிஜிஸ்டர் நகல் கேட்டு வாங்கினார்களாம், சுத்தமாக இருக்கிறது என்றார்களாம். பேச்சியிடம் சொன்னேன். மகிழ்ச்சியில் இன்றைக்குப் பாயசம் படியேறி வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

25.9.2021, சனி

முப்பிடாதியின் அம்மாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் என்று பேச்சி சொன்னாள். பால்காரர் சொன்னாராம். சாதாரணக் காய்ச்சலாக இருக்கும். மழை தூறுகிறதில்லையா.

வலை பாதி முடிந்தது.

27.9.2021, திங்கள்

சாதாரணக் காய்ச்சல் இல்லை. முப்பிடாதி அம்மாவை மூச்சுத் திணறலோடு ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் எடுத்த டெஸ்ட்டில் முப்பிடாதிக்கும் பாசிட்டிவ். அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லையாம். அதன் பிறகுதான் 12-பி முழுக்க டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். பத்தொன்பதில் எட்டுப் பேர். வகுப்பை மூடியாயிற்று.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு புரியல. 12-பிக்கு எங்கருந்து வந்துச்சு? கோமதிநாயகம் சார் அந்த கிளாஸ் பக்கமே போகலையே."

நான் வலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொன்னாலும் சொல்லலாம் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன். அவரே மேலே பேசினார்.

"அந்த அம்மா பீடி சுத்துறவங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் பீடிக்கடையில இலை, தூள் வாங்கக் கூட்டத்துல நிக்காங்க. காய்ச்சலும் அவங்களுக்குத்தான் முதல்ல. அவங்ககிட்ட இருந்து மகளுக்கு, மக மூலமா கிளாஸுக்கு. அப்பிடித்தான இருக்கணும்?"

"இருக்கலாம் சார்" என்றேன்.

"எழுதிருதேன்" என்றார். நல்ல பையன். பாடுபட்டு வேலை செய்கிறான். கையில் கொடுத்த காகிதம் பொய் என்றால் அவன் என்ன செய்வான்.

28.9.2021, செவ்வாய்

சாப்பிடவில்லை. பேச்சி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

30.9.2021, வியாழன்

ஆய்வாளர் எழுதியது ஊருக்குள் வந்துவிட்டது. 12-பி பிள்ளைகளின் பெற்றோர் சிலர் முப்பிடாதி வீட்டு முன்னால் போய்ச் சத்தம் போட்டார்களாம். பீடிக்காரி வீட்டிலிருந்து வந்து பிள்ளைகளுக்கெல்லாம் ஒட்டிவிட்டதாம். உள்ளே அந்தப் பிள்ளை மட்டும் தனியாக இருந்திருக்கிறாள். அப்பா ஆஸ்பத்திரி வாசலில்.

பேச்சி இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அன்னைக்கு நீங்கதான கிளாஸ் எடுத்தீங்க? கிரவுண்ட்ல?"

"ஆமா. வளையப்பந்து."

"வலையில்லாமயா வளையப்பந்து விளையாண்டுச்சுக?"

தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

4.10.2021, திங்கள்

ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு வேலைக்குப் போனேன். கோமதிநாயகம் இன்னும் லீவு. ஹெச்.எம். அம்மா ரிஜிஸ்டரை என் முன்னால் வைத்தார்கள். போன இரண்டு வாரத்துக்கு என் பெயருக்கு எதிரே கட்டங்கள் காலி.

"மூடின கிளாஸ் போக முப்பத்தி ரெண்டு பீரியடு நிக்கி. போட்டுருங்க."

"அம்மா, நான் வீட்டுக்குள்ள இருந்தேன். கதவுல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது."

"ஸ்டிக்கர் ஒட்டினது சுகாதாரம். ரிஜிஸ்டர் பாக்கப்போறது கல்வி ஆபீஸ். அவுக இவுகளப் பாக்கப்போறாகளா? ஃபைல் கடைசி மேஜையில இருக்கு. இப்பப் போய் இத்தன கட்டம் வெறுமனே கிடந்தா நான் என்ன சொல்ல?"

உட்கார்ந்து போட்டேன். சதுரங்கம், கைகால் பயிற்சி, வளையப்பந்து, மறுபடி சதுரங்கம். நான் பாயில் படுத்திருந்த நாளெல்லாம் மைதானத்தில் விசில் ஊதியிருக்கிறேன். ஏற்கனவே ஒரு பொய்க்காக ஒரு உயிர் ஊசலாடுகிறது, அதன் மேல் முப்பத்திரண்டு பொய். ஒரு கட்டம்கூட மாறவில்லை. பழகிப்போன கை.

5.10.2021, செவ்வாய்

முப்பிடாதியின் அம்மா காலையில் போய்விட்டாள்.

6.10.2021, புதன்

21-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். "டெஸ்ட் பற்றி ஏதோ கேட்டாள்" என்று எழுதியிருக்கிறேன். அவள் ஏதோ கேட்கவில்லை. கேட்டது இதுதான்.

"சார், எங்களுக்கு டெஸ்ட் கிடையாதா? கோமதிநாயகம் சார் எங்களுக்குத்தான ரெண்டு பீரியடு எடுத்தாக. ஹெச்.எம். அம்மாட்ட கேட்டோம். நீங்கள்லாம் அன்னைக்குக் கிரவுண்ட்லல்லா இருந்தீங்கன்னு சொல்லிட்டாக. ஆஸ்பத்திரிக்கும் போனோம். லிஸ்ட்ல பேரு இல்ல, காய்ச்சலும் இல்ல, வீட்டுக்குப் போங்கன்னுட்டாக."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வலையில் அடுத்த முடிச்சைப் போட்டேன்.

"டெஸ்ட் எடுக்காட்டாலும் பரவாயில்ல சார். எங்கம்மாவுக்கு மூச்சு இளைப்பு உண்டு. ஒத்த அறை வீடு. நான் வேணும்னா பதினாலு நாளைக்கு எங்க பெரியம்மா வீட்டு மொட்டமாடித் தட்டட்டியில தனியா படுத்துக்கிடட்டுமா? நீங்க ஒரு வார்த்த சொன்னா எங்கம்மா விடுவா. நானா போறேன்னு சொன்னா, வயசுப்பிள்ள தனியாப் படுக்கக் கூடாதும்பா."

அவள் கேட்டது டெஸ்ட்கூட இல்லை. ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்கு ரிஜிஸ்டர் வேண்டாம், லிஸ்ட் வேண்டாம், என் போஸ்ட்டுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் போ என்று சொன்னால் அன்றைக்கு அவள் அந்த அறையில் இருந்தாள் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். எனக்கு அது பயமாக இருந்தது.

"அதெல்லாம் வேண்டாம்மா. லிஸ்ட்ல பேரு இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். அம்மா கூடவே இரு" என்று சொன்னேன்.

அம்மா கூடவே இரு. இந்த மூன்று சொல்லையும் நான் சொன்னேன். அன்று எழுதவில்லை. இன்று எழுதிவிட்டேன்.

7.10.2021, வியாழன்

அடக்கத்துக்கு நான் போகவில்லை. பேச்சி போய்த் தெருமுனையில் நின்றுவிட்டு வந்தாள். வந்து குளித்தாள்.

ஆய்வாளர் நம்பரை எடுத்து இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாம் தடவை பார்க்கவில்லை.

20.10.2021, புதன்

அப்ரூவல் ஆர்டர் வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் லட்டு கொடுத்தார்கள். கோமதிநாயகம் நலமாகிவிட்டான், மெலிந்திருக்கிறான். தோளைத் தட்டி, "இனிமே நீ அசைக்க முடியாத ஆளுவே" என்றான். 12-பியைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆர்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து பேச்சியிடம் கொடுத்தேன். படித்தாள். சாமி படத்துக்கு முன்னால் வைப்பாள் என்று நினைத்தேன். கரண்ட் பில்லோடு சேர்த்து ஆணியில் குத்திவிட்டாள்.

26.10.2021, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து முப்பிடாதி நேற்று பள்ளிக்கூடம் வந்தாள். கேட்டில் அவள் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியைப் பிடித்தேன். 96.4.

இன்று ஐந்தாவது பீரியட் 12-பி. மூடிய அறையில் ரொம்ப நேரம் உட்கார வைக்கக் கூடாது என்று புதிதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அதனால் ஹெச்.எம். அம்மாவே, "இன்னைக்குக் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். பதினோரு வருஷத்தில் கேட்காமல் கிடைத்த பீரியட். ஓடிப்போய், சரிசெய்து கொண்டுவந்திருந்த வலையைக் கட்டினேன். முடிச்சு ஒன்றுகூட நழுவவில்லை.

பிள்ளைகள் வலைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். முப்பிடாதி எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நைசாக நகர்ந்தார்கள். அவளோடு அதே அறையில் உட்கார்ந்து அதே இருமலைக் கேட்ட பிள்ளைகள்தான். எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஆனாலும் ஆபீஸ் காகிதத்தில் எழுதினதைத்தான் அவர்களும் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். அவள் வலையை விட்டு விலகி என்னிடம் வந்தாள்.

"சார், அந்த ரிஜிஸ்டரக் கொஞ்சம் காட்டுவீங்களா?"

கையில்தான் இருந்தது. கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்தேன். பக்கத்தைப் புரட்டிச் செப்டம்பர் பதினாலைக் கண்டுபிடித்தாள். விரல் வைத்துப் படித்தாள், சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

"வளையப்பந்துன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"எனக்கு வளையப்பந்து ஆடத் தெரியாது சார்."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். அவள் காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது. சொல்லிவிட வேண்டும், இப்போதே ஆய்வாளருக்குப் போன் போட வேண்டும், இந்தப் பிள்ளை மேல் கிடக்கிற பழியையாவது எடுத்துவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆர்டர் கையில் வந்தாயிற்று. இனி என்ன பயம் என்றுகூட நினைத்தேன்.

"முப்பிடாதி, இங்க பாரும்மா" என்று ஆரம்பித்தேன்.

மாடி வராந்தாவிலிருந்து ஹெச்.எம். அம்மா குரல். "பி.டி. சார்! பதினஞ்சு நாள் மூடினதுல 12-பிக்கு கணக்கு போர்ஷன் அப்பிடியே நிக்கி. கோமதிநாயகம் சார் காத்துக்கிட்டு இருக்காரு. மேல அனுப்புங்க, ஜன்னலத் திறந்து வச்சிருக்கோம்!"

பத்தொன்பது முகமும் என்னைப் பார்த்தன. ஒரு வார்த்தை போதும். என் பீரியட், தர மாட்டேன் என்று. அப்ரூவல் ஆன வாத்தியாரை யாரும் எதுவும் செய்ய முடியாது.

கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முப்பிடாதி ரிஜிஸ்டரை மூடி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். வேப்பமரத்தடியில் கிடந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பரவாயில்ல சார். விளையாண்டோம்னு எழுதிக்கிடுங்க."

முதல் ஆளாகப் படியேறிப் போனாள்.

சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதினேன். 12-பி, 5, 6. வளையப்பந்து, மைதானத்தில். கையெழுத்துப் போட்டேன். வலையை அவிழ்க்க மறந்துவிட்டேன், அது அங்கேயே கட்டிக் கிடக்கிறது.